அகதா கிறிஸ்டி வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதினார்?

கேட்டிருப்பது இதுதான்: "மர்ம நாவல் ஒன்றை எழுத ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு அறை உள்ள வாடகை வீடு. எழுதுவதற்கென்று தனி அறை ஒதுக்க வழியில்லை. பெரிய மர்ம நாவலாசிரியர்கள் வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதினார்கள்? போனில் பேசிப் பதிவு செய்துகொண்டால் இடப் பிரச்சினையே இல்லையே, அது சரிப்படுமா?"

பத்துப் பேரைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி சொல்வதைவிட, ஒருவரைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். அகதா கிறிஸ்டி. 66 துப்பறியும் நாவல்கள் எழுதியவர், பல வீடுகளுக்குச் சொந்தக்காரர், எங்கே எப்படி எழுதினார் என்பதைத் தன்வரலாற்றில் தாமே சொல்லியிருக்கிறார். உங்கள் நிலைமைக்கு அவர்தான் பொருத்தம். ஏனென்றால் வீடுகள் அத்தனை இருந்தும், எழுதும் அறை என்ற ஒன்று பெரும்பாலான காலம் அவருக்குக் கிடையாது.

பேட்டி எடுக்க வரும் பத்திரிகைக்காரர்கள் அவரிடம் தவறாமல் கேட்பது, "நீங்கள் எழுதும் இடத்தில் உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" அவருக்கு அது சங்கடமான கேள்வி. காட்டுவதற்கு அப்படி ஓர் இடம் இல்லை. ஆடாத மேஜை ஒன்றும் தட்டச்சு இயந்திரம் ஒன்றும் இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. படுக்கையறையில் இருந்த முகம் கழுவும் மேஜை அவருக்கு மிகவும் தோதாக இருந்திருக்கிறது. அறைக்கு அறை குழாய் வராத காலத்தில், தண்ணீர்க் கூஜாவும் பேசினும் வைக்கப் பளிங்குப் பலகை போட்ட கனமான மேஜை ஒன்று ஆங்கிலேயர் வீட்டுப் படுக்கையறைகளில் இருக்கும், அதுதான். அப்புறம் சாப்பாட்டு மேஜை. காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அது சும்மாதானே கிடக்கிறது.

அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை என்று நண்பர்கள் ஆச்சரியப்படுவார்களாம். எலும்பு கிடைத்த நாய் மாதிரி என்று அதற்கு அவரே ஓர் உவமை சொல்கிறார்: யாருக்கும் தெரியாமல் நழுவிப் போகும், அரை மணி நேரம் ஆளைக் காணாது, பிறகு மூக்கில் மண்ணோடு கொஞ்சம் அசட்டுத்தனமாகத் திரும்பி வரும். எழுதுகிறேன் என்று பிறரிடம் சொல்லிக்கொள்வதே அவருக்குக் கூச்சம். கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பிறகு முழு வேகத்தில் எழுதிவிடுவார். ஆக, அவருக்கு வேண்டியிருந்தது கதவுதான். அது எந்த அறையின் கதவு என்பது பொருட்டில்லை.

மேஜை விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. இதற்கு நல்ல கதை ஒன்று உண்டு. 1931-32இல் அவருடைய கணவர், தொல்லியலாளர் மேக்ஸ் மல்லோவன், இராக்கில் நினிவே அகழாய்வில் வேலை செய்தார். அதன் தலைவர் கேம்பெல் தாம்சன். காசு விஷயத்தில் மகா கெட்டி. அகழாய்வு வீட்டில் பெட்டிப் பலகைகளை வைத்தே காரியம் நடத்துபவர். அங்கே போய் கிறிஸ்டி தமக்கு மேஜை வேண்டும் என்கிறார். சரியான உயரத்தில், ஆடாமல், கீழே முழங்கால் போகிற மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டச்சு செய்ய முடியாது என்று விளக்கமும் சொல்கிறார். சொந்தக் காசில் 10 பவுண்டு கொடுத்து வாங்கியும் விட்டார். தம் பணம் செலவாகவில்லை என்றாலும் தாம்சனுக்கு மனசு ஆறவில்லை. அந்த ஆடம்பரத்தை அவர் மன்னிக்கப் பதினைந்து நாள் போல ஆனது என்று கிறிஸ்டி எழுதுகிறார்.

அந்த மேஜையில் எழுதப்பட்டது 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்', 1933இல் வெளிவந்த நாவல். அந்தச் சமயம் அகழாய்வில் கல்லறை ஒன்றைத் தோண்டியபோது எலும்புக்கூடு கிடைத்தது. அதற்கு எல்லோருமாகச் சேர்ந்து லார்ட் எட்ஜ்வேர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அகழாய்வு முகாமெல்லாம் வீட்டுக் கணக்கில் வருமா என்று கேட்கலாம். அவருக்கு வந்தது. 1930இல் மல்லோவனைக் கல்யாணம் செய்த பிறகு, இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாகப் பல ஆண்டுகள், வருஷத்தில் சில மாதங்கள் அவர் குடும்பம் நடத்தியது இராக்கிலும் சிரியாவிலும்தான். 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' எங்கள் ஹோட்டலில்தான் எழுதப்பட்டது என்று இஸ்தான்புல்லின் பேரா பேலஸ் ஹோட்டல் 411ஆம் எண் அறையைக் காட்டுகிறது. ஆனால் புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கணவருடைய பெயரின் முதலெழுத்துகள், அதற்குக் கீழே 'அர்பாச்சியா, 1933'. அர்பாச்சியா என்பது மோசூல் பக்கத்தில் மல்லோவன் தோண்டிக்கொண்டிருந்த மேடு. ஹோட்டல் அறையைவிட எனக்கு இந்தச் சாட்சியம்தான் நம்பும்படி இருக்கிறது. துப்பறியும் கதை படிப்பவர்கள் இந்த மாதிரி தடயத்தை விடக் கூடாது.

எழுதும் இடத்தை அவரே விவரித்த பகுதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இராக்கில் உள்ள நிம்ருத். அசீரியர்களின் பழைய தலைநகரமான காலா அங்கேதான் புதைந்து கிடந்தது. மண் கல்லால் கட்டிய அகழாய்வு வீட்டோடு 1950இல் புதிதாக ஓர் அறை சேர்த்தார்கள். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், அவ்வளவுதான். பூசிய தரையில் கோரைப் பாய், முரட்டு நூலில் நெய்த பளிச்சென்ற விரிப்புகள். சுவரில் இளம் இராக்கிய ஓவியர் ஒருவர் வரைந்த படம்: கடைத்தெரு வழியே போகும் இரண்டு கழுதைகள், எல்லாம் வண்ணக் கட்டங்களாக. கிழக்கே பார்த்த ஜன்னலில் குர்திஸ்தானின் பனி மலைகள். கதவுக்கு வெளியே, அசீரியர்களின் பழங்கால எழுத்தான ஆப்பெழுத்தில் 'பெய்த் அகதா', அதாவது அகதாவின் வீடு என்று எழுதிய அட்டை.

படிக்கும்போது யாருக்கும் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் அதே இடத்தில் அவர் மேலும் என்ன சொல்கிறார் பாருங்கள். தலைக்கு மேலே கூரையில் வேலையாட்கள் நடந்துகொண்டும் ஒருவரையொருவர் கூவி அழைத்துக்கொண்டும் ஏணியை நகர்த்திக்கொண்டும் இருக்கிறார்கள். நாய் குரைக்கிறது. வான்கோழி கத்துகிறது. போலீஸ்காரரின் குதிரை சங்கிலியை ஆட்டுகிறது. ஜன்னலும் கதவும் சாத்தினால் நிற்பதில்லை, ஒன்று மாற்றி ஒன்று படார் படாரென்று திறந்துகொள்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ஓரளவு ஆடாத ஒரு மர மேஜை, அதற்குப் பக்கத்தில் தட்டச்சுத் தாள்களைப் போட்டு வைக்க வண்ணம் பூசிய தகரப் பெட்டி. 1950 ஏப்ரல் 2ஆம் தேதி அங்கே உட்கார்ந்து, துப்பறியும் நாவல் எழுத வேண்டிய நேரத்தில், தன்வரலாற்றை எழுத ஆரம்பித்தார். எதை எழுத வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதத் தோன்றுவது எழுத்தாளனின் சுபாவம் என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். அந்தப் புத்தகம் முடிந்தது 1965 அக்டோபர் 11இல், இங்கிலாந்தில் வாலிங்ஃபோர்ட் வீட்டில்.

அந்த அறையிலும் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கவில்லை. தோண்டுதல் சூடுபிடித்துவிட்டால் கிடைத்த பொருள்களைச் சுத்தம் செய்வது, படம் எடுப்பது, பட்டியல் போடுவது என்று எல்லாவற்றிலும் கை கொடுப்பார். நிம்ருத்தில் கிடைத்த தந்தச் சிற்பங்களின் இடுக்கில் இருந்த மண்ணை மெல்லிய பின்னல் ஊசியாலும், முகத்துக்குப் பூசும் கிரீமாலும் எடுத்தவர் அவர்.

இனி, அவருக்கு வாய்த்த நிஜமான எழுதும் அறை. லண்டனில் கேம்ப்டன் ஹில் பகுதியில் ஷெஃபீல்டு டெரஸ் 58ஆம் எண் வீடு. 1934 முதல் 1941 வரை அவர் அங்கே இருந்தார் என்று வாசலில் நினைவுப் பலகை இருக்கிறது. அந்த வீட்டில் முதன்முறையாக, தமக்கென்று ஓர் அறை வேண்டும் என்று கேட்டார். மேக்ஸ் உடனே சம்மதித்தார். அறையில் டெலிபோன் கூடாது. ஒரு பெரிய பியானோ, அகலமான உறுதியான மேஜை, சாய்ந்து படுக்க ஒரு சோபா, தட்டச்சுக்கு நிமிர்ந்து உட்காரும் நாற்காலி, ஓய்வுக்கு ஒரு கை வைத்த நாற்காலி. வேறு எதுவும் வேண்டாம். ஸ்டைன்வே பியானோவே வாங்கிப் போட்டார். அவர் வீட்டில் இருக்கும்போது அந்த மாடியில் யாரும் தூசு உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. வீடு தீப்பற்றினால் ஒழிய யாரும் கதவைத் தட்டவும் கூடாது.

அந்த அறையில் அவருக்குப் பரம சந்தோஷம். போரில் தெருவின் எதிர்ப்பக்கம் குண்டு விழுந்து வீட்டின் அடித்தளமும் கூரையும் மேல்மாடியும் சேதமாயின. ஸ்டைன்வே அதன் பிறகு பழைய மாதிரி ஒலிக்கவில்லை. போர் முடிந்ததும் அவரிடம் பணம் இருந்தது, வீடு இருந்தது. இன்னொரு தனி அறை அமைத்துக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்று தமக்கே தெரியவில்லை என்கிறார். மறுபடி சாப்பாட்டு மேஜைக்கும் முகம் கழுவும் மேஜையின் மூலைக்கும் பழகிப் போயிருப்பேன் போலிருக்கிறது என்று அந்தப் பேச்சை முடித்துவிடுகிறார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மர்ம நாவலுக்கு இரண்டு வேலை உண்டு. யார் கொன்றது, எப்படி, எந்தப் பொய்யை எந்த இடத்தில் செருகுவது என்று முடிச்சுப் போடுவது ஒன்று. அதை உட்கார்ந்து எழுதுவது மற்றொன்று. 1955இல் பிபிசி வானொலியில் பேசியபோது, கதை எப்படி வளர வேண்டும் என்று சரியாக வரும்வரை போட்டு உழப்பிக்கொள்வதுதான் நிஜமான வேலை, அதற்கு நாளாகும், பிறகு எழுதி முடிக்க மூன்று மாதம் போதும் என்றார். மேஜை வேண்டியது அந்த இரண்டாவது வேலைக்குத்தான். முதல் வேலையை அவர் மேஜையில் செய்ததே அபூர்வம்.

அதை எங்கே செய்தார்? குளியல் தொட்டியில். வெந்நீரில் படுத்துக்கொண்டு ஆப்பிள் தின்றுகொண்டே சதி தீட்டுவார். 1938இல் டெவன் மாவட்டத்தில் டார்ட் ஆற்றங்கரையில் கிரீன்வே என்ற பெரிய வீட்டை 6,000 பவுண்டுக்கு வாங்கினார். அதைத் திருத்திக் கட்டப் பொறுப்பேற்ற கில்ஃபோர்ட் பெல் என்ற இளம் ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞரிடம் அவர் கேட்டது, பெரிய தொட்டி வேண்டும், ஆப்பிள் வைக்க ஓரத்தில் விளிம்புப் பலகையும் வேண்டும் என்று. எழுதும் அறை வேண்டும் என்றல்ல.

தெருவில் நடக்கும்போதும், தொப்பிக் கடை ஜன்னலை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கதைக்கரு வந்து விழும் என்கிறார். விழுந்ததை அருகில் இருக்கும் ஏதாவது ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஒரே சமயத்தில் ஐந்தாறு நோட்டுகள் புழக்கத்தில் இருக்கும். பேப்பரில் படித்த மோசடி, புதிதாகக் கேள்விப்பட்ட விஷம், எல்லாம் அதில் போகும். எது எதில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஒழுங்காகப் பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தால் எவ்வளவோ சிரமம் மிச்சம் என்று புலம்பவும் செய்கிறார். அவற்றில் 73 நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஜான் கரன் அவற்றை ஆராய்ந்து 2009இல் புத்தகமாக்கினார். ஒரு பக்கத்தில் யாரைக் கொலையாளி ஆக்கலாம் என்று பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார், இன்னொரு பக்கத்தில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல் இருக்கும். வீட்டு வேலையும் கொலையும் ஒரே நோட்டில்.

நடப்பது அவருடைய பழைய வழக்கம். முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' 1916இல் பாதியில் சிக்கிக்கொண்டது. அப்போது டார்க்கி ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை. வீட்டில் அக்காவின் பழைய தட்டச்சு இயந்திரம். அம்மாதான் யோசனை சொன்னார்: விடுமுறையில் டார்ட்மூர் பக்கம் போய் முடித்துக்கொண்டு வா என்று. ஹே டார் என்ற இடத்தில் ஒரு ஹோட்டலில் தங்கி, கை வலிக்கும்வரை காலை முழுக்க எழுதுவார். சாப்பிட்டுவிட்டு மதியம் பொட்டல்வெளியில் இரண்டு மணி நேரம் போல நடை. நடந்துகொண்டே அடுத்த அத்தியாயத்தின் பாத்திரங்களாகத் தாமே மாறி மாறிப் பேசிப் பார்ப்பார். வாய்விட்டுத்தான். அந்த நடையில் பேசியதை மறுநாள் காலை எழுதினால் போதும்.

கிரீன்வேயைப் பற்றி இன்னொன்று. இன்று அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அவர் எழுதிய அறை எது என்று தேடுகிறார்கள். ஆனால் அது விடுமுறை வீடு. அங்கே அவர் எழுதியது குறைவு. முடித்த நாவலை மாலையில் வரவேற்பறையில் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுவார், கொலையாளி யார் என்று அவர்கள் ஊகிப்பார்கள். வீடு வேறொரு விதத்தில் கதைக்குள் வந்தது. 'டெட் மேன்ஸ் ஃபாலி'யில் பிணம் கிடக்கும் படகுக் கொட்டகை அந்த ஆற்றங்கரையில் இருப்பதேதான்.

இடத்தைவிட நேரம்தான் பெரிய தடை என்றால் போர்க்காலத்தைப் பாருங்கள். கணவர் வெளிநாட்டில். கிறிஸ்டி ஹாம்ஸ்டெட் பக்கம் லான் ரோடு அடுக்ககத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில். யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மறுபடி மருந்து கலக்கும் வேலை. குண்டு விழும் இரவுகளில், கண்ணாடி தெறித்தால் முகத்தில் படாமல் இருக்கத் தலையணையால் முகத்தை மறைத்துக்கொண்டு தூங்குவார். பக்கத்து நாற்காலியில் தம் இரு பெரும் சொத்துகளான ஃபர் கோட்டும் வெந்நீர்ப் பையும். அந்த ஆண்டுகளில் அவர் எழுதித் தள்ளியதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு கதை அலுத்துவிட்டால் இன்னொன்றுக்குத் தாவலாம் என்று 'என் ஆர் எம்?', 'தி பாடி இன் தி லைப்ரரி' இரண்டையும் ஒரே நேரத்தில் எழுதினார். மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் வந்த 'ஆப்சென்ட் இன் தி ஸ்பிரிங்' (1944) மூன்றே நாளில் முடிந்தது. முதல் அத்தியாயத்தை எழுதியதும் கடைசி அத்தியாயத்தை எழுதிவிட்டு நடுவை நிரப்பினார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டார், எழுந்து போனால் விட்டுப் போய்விடும் என்ற பயம்.

எல்லா மர்ம எழுத்தாளர்களும் இப்படி இல்லை. ஜார்ஜ் சிமெனோன் நேர் எதிர். நாவல் தொடங்கிவிட்டால் ஹோட்டலில் மாட்டும் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு, பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். நடுவில் 48 மணி நேரம் உடம்பு சரியில்லாமல் போனால், எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்று சொன்னவர். கதையை முன்கூட்டித் திட்டமிடாமல் எழுதுகிறவருக்கு அந்தக் கட்டுக்காவல் தேவைப்படுகிறது. முடிச்சை வேறெங்கோ போட்டுவிட்டு வருகிறவருக்குத் தேவையில்லை. நீங்கள் இதில் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். இரண்டு அறை வீட்டில் சிமெனோன் முறையை வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டைதான் வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், இருக்கிற காசில் நல்ல மேஜை ஒன்று வாங்குவேன். கடையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்து வாங்குவேன். அதை வீட்டில் எந்தக் கதவைச் சாத்த முடியுமோ அந்த அறையில் போடுவேன், அது படுக்கையறையானாலும் சரி. முடிச்சுப் போடும் வேலையை மேஜைக்கு வெளியே வைத்துக்கொள்வேன்: பஸ்ஸில், நடையில், குளிக்கும்போது.

போனில் பேசிப் பதிவு செய்வது பற்றி: கிறிஸ்டியும் அதைச் செய்து பார்த்தவர்தான். மணிக்கட்டு உடைந்து தட்டச்சு செய்ய முடியாதபோது பேசுவதைப் பதிந்துகொள்ளும் டிக்டாஃபோன் என்ற கருவி உதவியது. தன்வரலாற்றுக்காக 1960களில் அவர் பேசிப் பதிந்த 27 ஒலிநாடாச் சுருள்களை அவருடைய பேரன் 2008இல் கிரீன்வேயில் கண்டெடுத்தார். வாழ்க்கைக் கதைக்கு அது சரி, நினைவு போன போக்கில் பேசலாம். துப்பறியும் கதைக்கு ஒத்துவராது என்பது அவருடைய அபிப்பிராயம். வாயால் சொல்லும்போது ஒரே விஷயத்தைக் கொஞ்சம் வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுவோம், துப்பறியும் கதையிலோ சொற்சிக்கனம் முக்கியம், கையால் எழுதினாலோ தட்டினாலோ தான் அது நிற்கும் என்கிறார். அதனால் நடக்கும்போது தோன்றும் யோசனைகளைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத்தை மேஜையில் எழுதுங்கள்.